பார்வையற்றவர்களைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. பிறவியிலேயே பார்வை கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர், மாணவர்களின் பெற்றோர், கல்யாண வீட்டில் அறிமுகமாகிறவர் என்று எல்லோருக்கும் இருக்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். பலர் அக்கறையோடு கேட்டுவிடுகிறார்கள். சிலர் கேட்கக் கூச்சப்பட்டுத் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இந்தத் தொகுப்பு. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

உங்களுக்கு எல்லாமே கருப்பாத்தான் தெரியுமா?

எனக்குக் கருப்பும் தெரியாது, வெளிச்சமும் தெரியாது. ஆனால் பார்வையற்றவர் என்று சொல்லப்படும் எல்லோரும் என்னைப் போல இல்லை. பலருக்கு வெளிச்சம் தெரியும், சிலருக்கு உருவம் நிழலாகத் தெரியும், சிலருக்கு ஒரு மூலை மட்டும் தெரியும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை அளவு வைத்துச் சொல்கிறது. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் குறைவாக இருந்தால், அல்லது பார்வைப் புலம், அதாவது கண்ணைத் திருப்பாமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு, 10 டிகிரிக்கும் குறைவாக இருந்தால், பார்வையின்மை. 3/60 என்றால், மற்றவர்கள் 60 மீட்டர் தூரத்தில் காண்பதை இவர் 3 மீட்டருக்குள் வந்தால்தான் காண முடியும். அதற்கு மேல் 6/18 வரை குறைபார்வை. இரண்டுமே சட்டப்படி மாற்றுத்திறன்தான்.

கையில ஸ்டிக் வச்சிருக்கார், ஆனா செல்போனை மூஞ்சிகிட்ட வச்சுப் படிக்கிறார். நடிக்கிறாரோ?

இல்லை. மேலே சொன்ன குறைபார்வைக்காரர் அவர். விழித்திரை நோய் சிலவற்றில் பார்வை குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் சுருங்கிவிடும். எதிரில் இருக்கும் எழுத்தைப் படித்துவிடுவார், காலடியில் இருக்கும் படியைத் தவறவிடுவார். பகலில் தனியாக நடப்பவர் ஆறு மணிக்கு மேல் ஸ்டிக்கை விரிப்பார்.

முழுப் பார்வையின்மையைவிட இவர்கள் படும் பாடு ஒருவகையில் அதிகம். என்னை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவர்களோ கண்டக்டரிடமும், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் தங்கள் கண்ணை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சந்தேகப் பார்வைக்குப் பயந்து ஸ்டிக்கைப் பைக்குள் ஒளித்துவைத்து, விழுந்து அடிபட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

ரோடு கிராஸ் பண்ண உதவணும்னா எங்க பிடிக்கணும்?

முதலில் கேளுங்கள்: "ரோட்டைத் தாண்டணுமா?" எனக்குத் தாண்ட வேண்டிய அவசியமே இருக்காது, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பேன். கேட்காமல் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டு விட்டுவிட்டுப் போனால், நான் திரும்பி வர இன்னொருவரைத் தேட வேண்டும்.

வேண்டும் என்று சொன்னால், நீங்கள் எங்களைப் பிடிக்க வேண்டாம். உங்கள் முழங்கையை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். நீங்கள் அரையடி முன்னால் நடந்தால் போதும், உங்கள் உடல் திரும்புவதும் ஏறுவதும் எங்கள் கைக்குத் தெரிந்துவிடும். படி வந்தால் ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லுங்கள். ஸ்டிக்கின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள், தரையில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்வதே அந்த நுனிதான். கிளம்பும்போது "நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் காற்றோடு பேசிக்கொண்டிருப்போம்.

பெண்கள் சார்பாக இன்னொன்று. உதவி என்ற பெயரில் தோளில், இடுப்பில் கை வைப்பதை எங்களில் பலர் அனுபவித்திருக்கிறோம். முழங்கையைக் கொடுக்கும் முறையில் யார் யாரைத் தொடுகிறார்கள் என்பது எங்கள் கையில் இருக்கிறது. அது வெறும் வசதிக்காக வந்த முறை இல்லை.

"பாருங்க"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். மனசு சங்கடப்பட்டிருக்குமோ?

இல்லவே இல்லை. நாங்களும் "நேத்து மேட்ச் பாத்தேன்" என்றுதான் சொல்கிறோம். சங்கடம் "அங்க இருக்கு" என்பதில்தான். "உங்க வலது கைப் பக்கம், ரெண்டடி தள்ளி" என்று சொல்லுங்கள்.

கல்யாண வீட்ல சாப்பிடும்போது பக்கத்துல உக்காந்து ஊட்டி விடணுமா?

வேண்டாம். சொல்லப்போனால் பந்தி எங்களுக்கு மிக வசதியான ஏற்பாடு. இலையின் நுனி இடப்பக்கம் இருக்கும். மேல்பாதியில் கூட்டு, பொரியல், ஊறுகாய், கீழ்ப்பாதியில் சோறு என்று எது எங்கே வரும் என்பது சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகியிருக்கிறது. பரிமாறுபவர் "சாம்பார்", "ரசம்" என்று குரல் கொடுத்துவிட்டு ஊற்றினால் போதும். தண்ணீர் டம்ளரை எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பஃபேதான் கஷ்டம். வரிசை எங்கே போகிறது, மூடியைத் திறந்தால் என்ன இருக்கிறது, தட்டோடு எங்கே போய் நிற்பது, எதுவுமே தெரியாது. அங்கே கூட வந்து பெயரைச் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டு எடுத்துக் கொடுத்தால் பெரிய உதவி. எங்களைக் கேளுங்கள். "அவங்க ஸ்வீட் சாப்பிடுவாங்களா?" என்று என் கணவரிடம் கேட்காதீர்கள்.

"நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்!"

தயவுசெய்து வேண்டாம். பத்து வருடம் கழித்துக் கல்யாண மண்டப இரைச்சலில் ஒரு குரலைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் நமக்குள் பாசம் இல்லை என்று ஆகிவிடாது. பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

ஒண்ணை எடுத்துக்கிட்ட கடவுள் இன்னொண்ணைக் குடுத்திருப்பார். உங்களுக்குக் காது ரொம்பக் கூர்மையாமே, பாட்டும் வருமாமே?

காது எல்லோருக்கும் உள்ளதுதான், நாங்கள் அதை அதிகம் பயன்படுத்திப் பழகியிருக்கிறோம். மழை கொட்டும்போதும், ஜெனரேட்டர் ஓடும்போதும் எனக்கும் திசை குழம்பும். சத்தமே இல்லாமல் வரும் மின்சார ஸ்கூட்டர்கள் எங்களுக்குப் புது ஆபத்து. பாட்டு எனக்குச் சுத்தமாக வராது. எங்கள் பள்ளி விழாக்களில் வருடா வருடம் என்னிடம்தான் மைக்கை நீட்டுகிறார்கள்.

ரூபாய் நோட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? ஏமாத்திட மாட்டாங்களா?

2016க்கு முந்தைய நோட்டுகள் கைக்கு நன்றாகவே பிடிபட்டன. 100 ரூபாய் 157 மில்லிமீட்டர் நீளம், 500 ரூபாய் 167. இப்போது 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150, அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கடை வாசலில் நின்றுகொண்டு விரலால் அளப்பது லேசான காரியம் இல்லை. நோட்டின் ஓரங்களில் மேடான கோடுகள் உண்டு, 100 ரூபாயில் நான்கு, 500 ரூபாயில் ஐந்து. புது நோட்டில் தட்டுப்படும், நாலு கை மாறி நைந்த நோட்டில் தேய்ந்துவிடும். நோட்டைக் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும் மணி என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்டது.

ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மீதி கொடுக்கும்போது "இது நூறு, இது ஐம்பது" என்று ஒவ்வொன்றாகக் கையில் வைக்கிற பூக்காரம்மாக்களும் ஆட்டோக்காரர்களும்தான் என் வாழ்க்கையில் அதிகம்.

வாட்ஸப் எல்லாம் நீங்களே அனுப்புறீங்களா?

ஆமாம். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான்கள் உள்ளேயே இருக்கின்றன. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று அவை வாசித்துச் சொல்லும். கணினிக்கு என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் படிக்கும்.

தடுக்கி விழுவது தமிழ்க் கோப்புகளில்தான். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு உங்களுக்குத் தமிழாகத் தெரியும், என் கணினிக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் அடித்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. அதைவிட மோசம், அச்சிட்ட சுற்றறிக்கையைப் போட்டோ எடுத்துப் பள்ளிக் குழுவில் போடுவது. படத்தில் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் சாதாரண எழுத்தைப் போல நேரடியாகப் படிக்காது. எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் உண்டு என்றாலும் தமிழில் தப்பும் தவறுமாகத்தான் வருகிறது. எல்லோரும் "பாத்தாச்சு" என்று போட்டபின் நான் மட்டும் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருப்பேன். கூடவே இரண்டு வரி தட்டச்சு செய்து போடுங்கள்.

அதான் போனே படிக்குதே, இனி பிரெயில் எதுக்கு?

தமிழ் ஆசிரியையாக இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. காதால் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு 'மனம்', 'மணம்' இரண்டும் பல நேரம் ஒரே ஒலியாக விழுகின்றன. 'ந', 'ன' வேறுபாடு திரைவாசிப்பானின் ஒலியில் பெரும்பாலும் தெரிவதில்லை. பிரெயிலில், மேடான புள்ளிகளாக எழுத்தைத் தொட்டுப் படித்த பிள்ளைதான் பிழையின்றி எழுதுகிறது. பார்வையுள்ள பிள்ளைகளுக்கு யாரும் "ஆடியோ போதும், எழுத்து வேண்டாம்" என்று சொல்வதில்லையே.

லூயி பிரெயில் மூன்று வயதில் தகப்பனாரின் தோல் பட்டறையில் கண்ணில் காயம்பட்டுப் பார்வையை இழந்தவர். பதின்ம வயதிலேயே இந்த முறையை உருவாக்கி 1829இல் வெளியிட்டார். ஆறு புள்ளிகள், அவற்றால் 63 வடிவங்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது, தமிழும் அதில்தான் எழுதப்படுகிறது. நூல்கள் கிடைப்பதுதான் பஞ்சம். பதிப்புரிமை குறுக்கே நிற்காமல், நாங்கள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை உருவாக்க மராக்கேஷ் ஒப்பந்தம் என்ற சர்வதேச ஒப்பந்தம் வழி செய்கிறது. அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா, 2014இல். சட்டம் வழிவிட்டிருக்கிறது, தமிழ்ப் பதிப்பகங்கள் கோப்பைக் கொடுக்க முன்வர வேண்டும்.

எங்க குழந்தைக்குப் பார்வை இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். எந்த ஸ்கூல்ல சேர்க்கிறது?

சட்டப்படி 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதும் உங்கள் விருப்பம். சிறப்புப் பள்ளி என்றால் பாளையங்கோட்டை, பூவிருந்தவல்லி போன்ற ஊர்களில் பல தலைமுறையாக நடந்துவருகின்றன. பிரெயிலும் ஸ்டிக் பிடித்து நடப்பதும் அங்கே ஒழுங்காக வரும், தன்னைப் போன்ற பிள்ளைகளோடு பழகும் தைரியமும் வரும். ஆனால் ஐந்து வயதில் விடுதிக்குப் போக வேண்டியிருக்கலாம். பக்கத்துப் பள்ளியில் வீட்டோடு இருக்கலாம், ஆனால் சிறப்பாசிரியர் எப்போதாவதுதான் வருவார். என்னைக் கேட்டால், தொடக்க வகுப்புகளைச் சிறப்புப் பள்ளியில் படித்துவிட்டுப் பிறகு பொதுப் பள்ளிக்கு மாறுவது நல்லது என்பேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது ஒத்துவராது.

பள்ளியைவிட முக்கியம் வீடு. பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காமல் வைத்திருக்காதீர்கள். கீரை ஆயவும், தண்ணீர் மொள்ளவும், கடைக்கு நடந்து போகவும் விடுங்கள். முழங்கால் சிராய்க்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் சிராய்ப்பதுதான். உறவினர் வீட்டுக்கு வந்து "பாப்பா பேர் என்ன?" என்று உங்களிடம் கேட்டால், பிள்ளையே பதில் சொல்லட்டும் என்று காத்திருங்கள்.

பரீட்சையில ஸ்கிரைப் எழுதிக் குடுத்துடுவாங்க, அப்ப மார்க் யாரோடது?

மாணவரோடது. ஸ்கிரைப் என்பவர் சொல்வதை எழுதுகிற கை, அவ்வளவுதான். பாடத்தில் அவர் உதவிவிடக் கூடாது என்பதால்தான் 2018 விதிமுறை, மாணவர் தானே அழைத்துவரும் ஸ்கிரைப் ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றது. ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் அவகாசமும் அதில் உண்டு.

நடப்பில் எங்கள் பிள்ளைகள் இழப்பதுதான் அதிகம். இவர்கள் 'வேற்றுமை' என்று சரியாகச் சொல்ல, எழுதுபவர் பிழையாக எழுதினால் மதிப்பெண் போவது இவர்களுக்கு. கடைசி நேரத்தில் ஸ்கிரைப் வராமல் போய், தேர்வு மையத்தில் அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு அரைநாள் ஓய்வு இருந்தால் பக்கத்துக் கல்லூரியில் பெயர் கொடுத்து வையுங்கள். தேர்வுக் காலத்தில் இதைவிட அவசரமான உதவி எனக்குத் தெரிந்து வேறில்லை.

டீச்சர் வேலை, டெலிபோன் பூத், ட்ரெயின்ல விக்கிறது. வேற என்ன வேலைதான் செய்ய முடியும்?

சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன் 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார், முழுப் பார்வையற்ற முதல் அதிகாரி. மதுரையின் பூரண சுந்தரி 2019ஆம் ஆண்டின் குடிமைப்பணித் தேர்வில் 286ஆவது இடம் பிடித்தார். பார்வையற்றவர்கள் நீதித்துறைப் பணியில் சேர முடியாதபடி மத்தியப் பிரதேசத்தில் இருந்த விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடம், அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வையுள்ளோருக்கும்.

ஆனால் பெரிய பெயர்களைச் சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. வேலையில் சேர்ந்தபின் நடப்பது வேறு. "நீங்க உக்காருங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி, கணினியில் திரைவாசிப்பான் போட்டுத் தராமல், வருடக்கணக்கில் சும்மா உட்காரவைக்கப்பட்ட நண்பர்கள் இருக்கிறார்கள். பிறகு "அவர் வேலையே செய்யறதில்ல" என்ற பேச்சும் அதே அலுவலகத்திலிருந்துதான் வரும். மின்சார ரயிலில் பேனா, சீப்பு விற்கிறவரை இரக்கத்துக்குரிய ஆளாகப் பார்க்காதீர்கள். அவர் வியாபாரி. வேண்டுமென்றால் வாங்குங்கள், விலையைச் சரியாகக் கொடுங்கள்.

பேங்க்ல உங்க பேர்ல தனியா அக்கவுண்ட் குடுக்க மாட்டாங்களாமே?

கொடுத்தே ஆக வேண்டும். காசோலைப் புத்தகம், ஏடிஎம் கார்டு, லாக்கர், கடன் எதையும் பார்வையின்மையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு கிளையில் என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, "இவங்களுக்கு யார் கார்டியன்?" என்று என்னோடு வந்த மாணவியிடம் கேட்டார்கள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. அவளுக்குப் பாடம் நடத்துகிற நான் கையெழுத்துக்குத் தகுதியில்லாதவளாம். எழுத்து மூலம் மறுப்பு கேட்டேன், அதன்பிறகுதான் விண்ணப்பம் வந்தது. இது உங்களுக்கும் உதவும். வாயால் மறுப்பவர்கள் எழுதித் தரத் தயங்குவார்கள்.

இப்போதைய தலைவலி, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் இணையவழிச் சரிபார்ப்பு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எண்முறைச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, இந்த முறைகளை எல்லோருக்கும் ஏற்றபடி மாற்ற உத்தரவிட்டது.

ஓட்டை நீங்க சொன்ன ஆளுக்குத்தான் போட்டாங்கன்னு எப்படித் தெரியும்?

நானே போட்டால் தெரியும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் வரிசை எண்கள் பிரெயிலிலும் இருக்கின்றன, பிரெயில் மாதிரி வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கி வரிசையைத் தெரிந்துகொள்ளலாம். துணை வேண்டுமென்றால் 18 வயது நிரம்பிய ஒருவரை அழைத்துப் போகலாம். ஒரே நாளில் அவர் இன்னொருவருக்குத் துணையாக வர முடியாது, ரகசியம் காப்பதாக உறுதியும் தர வேண்டும். யார் துணை என்பதை வாக்காளர்தான் முடிவு செய்வார், பூத்தில் நிற்கிற கட்சிக்காரர் இல்லை.

கண் தானம் கிடைச்சா உங்களுக்குப் பார்வை வந்துடுமே, ஏன் பண்ணிக்கலை?

தானமாகப் பெறுவதில் பார்வைக்காகப் பொருத்துவது கார்னியா எனப்படும் கருவிழிப் படலத்தை மட்டும்தான். முழுக் கண்ணை மாற்ற முடியாது. கருவிழி கெட்டுப் பார்வை இழந்தவருக்கு அது உதவும். எனக்கிருப்பது விழித்திரைப் பிரச்சினை. தானம் அவசியம் செய்யுங்கள், இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அப்புறம், அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

கல்யாணம் பண்ணா குழந்தைக்கும் இப்படியே வருமா?

காரணத்தைப் பொறுத்தது. காயம், தொற்று, வைட்டமின் ஏ குறைவு, குறைமாதப் பிறப்பு இவற்றால் வந்தது குழந்தைக்குப் போகாது. சில விழித்திரை நோய்கள் மரபு வழி வரும். இரண்டு பக்கமும் ஒரே குறைபாட்டு மரபணு இருந்தால் வாய்ப்பு கூடும், அதனால்தான் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும் பார்வையுள்ள தம்பதிகளுக்கும் இந்தக் கவலை உண்டு. மரபணு ஆலோசனை இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

எனக்கும் குறைபார்வையுள்ள என் கணவருக்கும் இதைப் பற்றி முடிவெடுக்கும் வயதும் அறிவும் இருந்தன. அப்போது கேட்டவர்களில் பாதிப்பேர் எங்களைக் கேட்கவில்லை, எங்கள் பெற்றோரைக் கேட்டார்கள்.

பாவமேன்னு கையில பத்து ரூபா வச்சா ஏன் கோபம் வருது? உதவி பண்ண வந்தாலும் சிலர் எரிஞ்சு விழறாங்களே?

கோயில் வாசலில் செருப்பு விடும்போது என் உள்ளங்கையில் யாரோ காசு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட என் மாணவர்கள் இருந்தார்கள். கொடுத்தவர் நல்ல மனசோடுதான் கொடுத்தார், ஆனால் நான் யார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தானே முடிவு செய்துகொண்டார். அதுதான் வலி. வேண்டுமென்றே பொது இடத்தில் அவமானப்படுத்துவது இதிலிருந்து வேறு, அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

எரிந்து விழுபவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அன்று காலையிலிருந்து கேட்காமல் இழுத்தவர்களில் நீங்கள் எத்தனையாவது ஆளோ! "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை வேறொருவரிடம் கேட்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை, இப்ப பார்வை மங்கிக்கிட்டே வருது. என்ன செய்யறதுன்னே தெரியலை.

சமீப காலமாக அதிகம் வரும் கேள்வி இது. முதலில் கண் மருத்துவரிடம் காரணத்தைத் தெளிவாகக் கேளுங்கள். புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகும். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தாலோ, கண் அழுத்த நோயாக இருந்தாலோ போன பார்வையைத் திரும்பப் பெறுவது கடினம், இருப்பதைக் காப்பாற்றலாம். வீட்டில் சர்க்கரை உள்ள மற்றவர்களும் வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளட்டும், தொடக்கத்தில் இது எந்த அறிகுறியும் காட்டாது.

வீட்டில் செய்ய வேண்டியது, அம்மாவை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பாமல் இருப்பது. டப்பாக்களை ஒரே வரிசையில் வைத்து, இடம் மாற்றாதீர்கள். உப்பு டப்பாவில் ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரை டப்பாவில் இரண்டு. கதவைப் பாதி திறந்து வைக்காதீர்கள், முழுதாகத் திறந்திருக்கட்டும் அல்லது மூடியிருக்கட்டும். படி விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். போனில் டாக்பேக்கை இப்போதே, கொஞ்சம் பார்வை இருக்கும்போதே பழக்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வழி சொல்வார்கள். அங்கே போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். என்னென்ன தேவை என்று அவரே சொல்லட்டும், விண்ணப்பத்தை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.